சந்திரன் பெயரில் படித்தவன்

1

என் மனைவி தையல்நாயகியின் திதி ஐப்பசியில் வரும். அன்று ஆபீசுக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன். விடியுமுன் எழுந்து குளித்து, நானே சமைத்து, பித்தளைத் தூக்கில் அடைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறுவேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். படையல் சோற்றைக் காக்கைக்கு வைக்க இருபது மைல் போக வேண்டுமா என்பீர்கள். கோலாலம்பூரில் காக்கை இல்லை. கிள்ளானில் உண்டு. யாரோ ஒரு துரை முன்னொரு காலத்தில் தோட்டத்துப் பூச்சிகளைத் தின்ன இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டாராம். அவை கிள்ளானை விட்டு நகரவில்லை. என் மகன் சந்திரசேகரனுக்கும் ஒரு வருஷமாக அங்கேதான் வேலை. ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி, உங்கள் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. ஆகவே இரண்டு காரியமும் ஒரே பயணத்தில் முடியும்.

புறப்படுமுன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சிறிய உறையை எடுத்துப் பார்ப்பது வழக்கம். பிரிப்பதில்லை. பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். பெட்டியில் என்னென்ன எந்த வரிசையில் இருக்கின்றன என்று மூடியின் உட்புறம் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். அதில் ஒன்பதாவது அந்த உறை.

இந்த வருஷம் எட்டாவதும் பத்தாவதும் இருந்தன. ஒன்பதாவது இல்லை.

மூன்று முறை எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த இந்த வீட்டில் நான் தனி ஆள். பெட்டிக்குப் பூட்டும் கிடையாது. என்னைத் தவிர அதைத் தொடக்கூடியவன், போன ஞாயிறு வந்து போன என் மகன் ஒருவன்தான்.

2

தையல்நாயகி இங்கே பதினோரு வருஷம் இருந்தாள். மலைக்காய்ச்சல் விடவில்லை. மூன்றாம் முறை வந்தபோது டாக்டர், ஊருக்கு அனுப்பினால்தான் உயிர் தங்கும் என்று சொல்லிவிட்டார். கீழ்வேளூரில் அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆங்கிலப் பள்ளியில் நடுவகுப்பில் இருந்தான். அவனையும் அனுப்பினால் படிப்புக் கெடும் என்று நிறுத்திக்கொண்டேன். அந்தத் தீர்மானம் என்னுடையது. அவள் கப்பல் தட்டில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கவில்லை, பையனையே பார்த்தாள்.

நாகப்பட்டினக் கப்பல் வரும்போதெல்லாம் கடிதம் வரும். எனக்கு ஒரு தாள், அவனுக்கு ஒரு தாள். எனக்கு எழுதுவதெல்லாம் உத்தரவுகள். மோரில் உப்பைக் குறையுங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காமல் இருக்காதீர்கள். மழையில் நனைந்து வந்தால் தலையை மட்டும் துடைத்துவிட்டு உட்காராதீர்கள், காதுக்குப் பின்னாலும் துவட்டுங்கள். காதுக்குப் பின்னால் ஈரம் நின்றால்தான் காய்ச்சல் பிடிக்கும் என்பது அவள் வைத்தியம்.

அவனுக்கு என்ன எழுதினாள் என்பதும் எனக்குத் தெரியும். நான்தானே படித்துக் காட்டினேன். வீட்டில் தமிழ் பேசுவான், சண்டை போடுவான், கனவில் உளறுவதும் தமிழ்தான். ஆனால் எழுத்துத் தெரியாது. தாய் மகனுக்கு எழுதும் வார்த்தைகளை ஒரு ஆண்பிள்ளை, சாமான் ரசீது வாசிக்கிற குரலில் வாசிப்பான். மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்பான்.

ஒருநாள் சொன்னான்: “அம்மாவ இங்கிலீஷ்ல எழுதச் சொல்லுங்கப்பா. நானே படிச்சுக்குவேன்.”

“அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதுடா.”

“எனக்குத் தமிழ் தெரியாது. அப்ப ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு” என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று என் நாட்குறிப்பில் இதை வேடிக்கை என்றே எழுதியிருக்கிறேன்.

3

அவன் படித்த ஆங்கிலப் பள்ளியில் செவ்வாயும் வியாழனும் பிற்பகல் மூன்றிலிருந்து நான்குவரை ஒரு தமிழ் வகுப்பு உண்டு. விருப்பப் பாடம். பரீட்சைக்கு இரண்டாம் மொழியாக எழுதலாம். சோமசுந்தரம் வாத்தியார் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர் நடத்தினார். பதிவில் இருபத்திரண்டு பேர். உட்கார்ந்திருப்பது எட்டோ ஒன்பதோ.

ரப்பர் விலை சரிந்து, ஆபீஸ்தோறும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. சராசரி வருகை இருபதுக்குக் குறையுமானால் வகுப்பு நிறுத்தப்படும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கிராணிமார்கள் ஏழு பேர் கமிட்டி ஆனோம். கஜானா ஆபீஸ் பெரிய கிராணி துரைசாமிப் பிள்ளை தலைவர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் காரியதரிசி. மகஜர் எழுதினோம். நூற்று நாற்பத்தாறு கையெழுத்து. செந்தூலுக்கும் கிள்ளானுக்கும் போய் வாங்கினேன். ஒருவரும் மறுக்கவில்லை. “தமிழுக்கா? இந்தாங்க” என்று பேனாவை என் கையிலிருந்தே பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்டபோதுதான் கதை மாறியது. எங்கள் வரிசையிலேயே நாலாவது வீட்டு அம்மாள், கணவர் கையெழுத்துப் போட்ட மை காயுமுன், கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“வீட்லதான் தமிழ் பேசுறானேண்ணே, போதாதா? செவ்வா வியாழன் டைப்பிங் கிளாஸு. அதப் படிச்சா நாளைக்கு ஆபீஸ்ல ஒரு நாக்காலி கெடைக்கும். தமிழு படிச்சா வாத்தியாரு மாதிரி குடையும் கையுமா அலைய வேண்டியதுதான்.”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. தாய்மொழி.”

“சரிண்ணே. உங்க மகன் போறானா?”

போகிறான் என்றேன். வருகைப் புத்தகத்தைப் பிரதி எடுத்துக் கமிட்டிக்கு வைப்பது என் வேலை. அந்தத் தவணையில் நடந்த பதினான்கு வகுப்பில் சந்திரன் மூன்றுக்குப் போயிருந்தான். மற்ற நாட்களில் மைதானத்தில் பந்து பொறுக்கினான். எனக்குத் தெரியும். அதட்டினால் பரீட்சைப் பாடங்களும் கெட்டுவிடுமோ என்று விட்டுவிட்டேன். கமிட்டியில் மற்ற ஆறு பேர் வீட்டிலும் இதே நிலைதான்.

மகஜருக்குப் பதில் வந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் வகுப்பில் படிப்பவர்கள் அல்லர் என்பதை இலாகா கவனித்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் துரை வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். அவ்வளவே. இரண்டு வரி.

4

யோசனை துரைசாமிப் பிள்ளையுடையது. ஆனால் எழுந்து மறுத்தவர் யாருமில்லை. நானும் மறுக்கவில்லை.

“பந்தியில எல கொறஞ்சா என்ன செய்வோம்? பக்கத்து வீட்டுல ஆளக் கூப்பிட்டு உக்கார வைக்கிறதில்லையா? அது மாதிரிதான்” என்றார்.

ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்தில், கம்பிச்சடக்கு என்கிற தண்டவாளப் பாதையில் வேலை செய்யும் ஜனங்களின் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பள்ளி இருந்தது. அங்கிருந்து பதின்மூன்று பையன்களை ஒரு மணி நேரத்துக்கு அழைத்து வருவது. பதிவில் உள்ள எங்கள் பிள்ளைகளின் பெயருக்கு அவர்கள் “பிரசன்ட் சார்” சொல்வது. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடிவில் என்னைத் தனியே அழைத்தார்.

“கிராணியாரே, தப்பா நெனைக்காதீங்க. காரியதரிசி மகன்னு தெரிஞ்சா தொர மொதல்ல உங்க பையனத்தான் வாசிக்கச் சொல்லுவாரு. அவனுக்கு இன்னும் கொம்பும் காலும் பிரியல. அன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருக்கட்டுமே.”

சரி என்றேன். தமிழ் வகுப்பைக் காப்பாற்ற என் மகனை அந்த வகுப்புக்குப் போகாமல் நிறுத்தினேன்.

அவன் இடத்துக்கு வந்தவன் முனியாண்டி. சந்திரனைவிட ஒரு வயது இளையவன். ஆங்கிலப் பள்ளிக்கு வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் வேண்டும். எங்கள் வீடுகளிலிருந்து சேகரித்தோம். சந்திரனின் சட்டை முனியாண்டிக்குச் சரியாக இருந்தது. சப்பாத்து பெரிது. முனையில் ஆங்கிலப் பத்திரிகையைக் கசக்கித் திணித்தோம்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தைய ஞாயிறு கப்பல் தபாலுக்குக் கடைசி நாள். தையல்நாயகிக்கு எழுதினேன். வகுப்பு பிழைத்துவிடும் என்று நம்பிக்கையாக இருந்த நேரம். சந்திரனைக் கூப்பிட்டுச் சிலேட்டில் இரண்டு வரி எழுதிக் காட்டி, கடிதத்தின் அடியில் பார்த்து எழுதச் சொன்னேன். ‘அம்மா நலமா. நான் நலம். சந்திரன்.’ நாக்கைக் கடித்துக்கொண்டு, படம் வரைவதுபோல் வரைந்தான். அதன் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்: ‘உன் பிள்ளை இப்போது தானே படிக்கிறான்.’

இருபது வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதியது அந்த ஒரு வரிதான். அதுவும் நாட்குறிப்பில் அல்ல.

5

இன்ஸ்பெக்டர் துரை தமிழ்ப் பரீட்சை தேறியவர். கொஞ்சம் புத்தகத் தமிழ் பேசுவார். வகுப்பில் இருபத்திரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மகிழ்ச்சியாகத் தலையசைத்தார். கமிட்டியார் நாங்கள் பின்சுவர் ஓரமாக நின்றோம். பெயர்களை அவரே கூப்பிட்டார். சந்திரசேகரன் என்றதும் முனியாண்டி எழுந்து “பிரசன்ட் சார்” என்றான். கணீரென்றிருந்தது.

“காரியதரிசியின் மகனா? வாசி” என்றார்.

முனியாண்டி வாசித்தான். பாடப் புத்தகத்தில் ஒரு நீண்ட கதை. மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டு, கேள்வியைக் கேள்வியாகவும் அழுகையை அழுகையாகவும் வாசித்தான். நான் நிற்பதை மறந்தேன். என் மனைவியின் கடிதங்கள் அப்படி வாசிக்கப்பட வேண்டியவை என்று அப்போது தோன்றியது.

துரையும் புத்தகத்தைப் பார்க்காமல் அவனையே பார்த்தார். “மிக நன்று. இதன் பொருளை இங்கிலீஷில் சொல்.”

முனியாண்டி சப்பாத்தைப் பார்த்தான்.

“ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.”

அவன் சப்பாத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துரை குரலை இறக்கித் தமிழிலேயே கேட்டார். “உன் தகப்பனார் என்ன வேலை செய்கிறார்?”

சொல்லிக் கொடுத்தது அவனுக்கு மறந்திருக்க வேண்டும். அல்லது அப்பாவைப் பற்றிப் பொய் சொல்ல வரவில்லையோ என்னவோ.

“கம்பிச்சடக்குல சல்லி கொட்டுறாருங்க தொர.”

அடுத்து இன்னும் இருவரை எழுப்பினார். ஒருவன் எங்கள் கமிட்டியாரின் சொந்த மகன். அவன் ஆங்கிலத்தில் நன்றாகப் பதில் சொன்னான். தமிழ் வாசிப்பில் முதல் வரியைத் தாண்டவில்லை. இன்னொருவன் லயத்துப் பையன். தமிழ் அருவியாகக் கொட்டியது. துரை வருகைப் புத்தகத்தை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்கள் வாதாடியிருப்போம். வெளியே போகும்போது என் முன் ஒரு கணம் நின்று, “அழகான கையெழுத்து” என்றார்.

மைதானத்து வேப்ப மரத்தடியில் துரைசாமிப் பிள்ளை சட்டைகளையும் சப்பாத்துகளையும் திரும்ப வாங்கினார். முனியாண்டி சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்:

“ஐயா, செவ்வாக்கெழம நாங்களே வந்துரலாமா, இல்ல நீங்க வந்து கூட்டியாருவீங்களா?”

இனி அங்கேதான் படிக்கப் போகிறோம் என்று நினைத்திருக்கிறான். சொல்லி அனுப்புகிறேன் என்றேன். இருபது பிள்ளைகள் வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்தோம். எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு சாக்கடைதான். அந்தப் பையன்களை உண்மையிலேயே அந்தப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி ஒரு மகஜர் எழுதலாம் என்று ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை.

6

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. தமிழ் நன்றாக அறிந்த சிறுவர்களுக்குத் தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. ஆங்கிலப் பள்ளியில் பயிலும் சிறுவர்கள் தமிழ் வகுப்புக்கு வருவதில்லை. ஆகவே வகுப்பு தேவையில்லை. இரண்டையும் நிரூபித்துக் கொடுத்தவர்கள் நாங்களே. சோமசுந்தரம் வாத்தியார் அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விட்டார். வழியனுப்ப நான் ஒருவன்தான் போனேன்.

அதற்கடுத்த புதன்கிழமை, ஆபீசில் இருக்கும்போது மைத்துனனின் தந்தி வந்தது. தையல்நாயகி காலமானாள். இங்கிலீஷில் நான்கே வார்த்தைகள்.

ஞாயிறன்று கப்பல் தபால் வந்தது. அவள் கடிதம்.

எனக்கு ஒரு தாள். நடுவே ஒரு சிறிய உறை, சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. எனக்கு எழுதியிருந்ததில் ஒரு பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன்: ‘பிள்ளை எழுத்தைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரண்டு வருஷமாக அவனுக்கு எழுதியதையெல்லாம் நீங்கள் முதலில் படித்தீர்கள். இனி வேண்டாம். இதை அவனிடம் அப்படியே கொடுங்கள். அவனே படிக்கட்டும். உங்களுக்குக் கோபம் வராதே?’

உறையை அவனிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னிடம் நீட்டினான்.

“படிச்சுச் சொல்லுங்கப்பா.”

அப்போது நான் சொன்னதை ஐந்து வருஷமாக ஒவ்வொரு ஐப்பசியிலும் நினைக்கிறேன். “அம்மா நீயே படிக்கணும்னு எழுதியிருக்கா. கத்துக்கிட்டுப் படி.”

அவள் சொல்லை நான் காப்பாற்றுவதாக நினைத்தேன். அந்த உறை இருந்தால் அதற்காகவாவது எழுத்துப் படிப்பான் என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். மறுநாளே சிலேட்டை எடுத்தேன். இருபது நாள் உட்காரவைத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த உறையைப் பார்ப்பான். இருபத்தோராவது நாள் சிலேட்டைத் தரையில் போட்டுவிட்டு, “எனக்கு வேணாம்ப்பா, நீங்களே வச்சுக்குங்க” என்றான். அழவில்லை. நான் உறையைப் பெட்டியில் வைத்துப் பட்டியலில் ஒன்பது என்று எழுதினேன்.

அதன் பிறகு அவன் அதைக் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை. பரீட்சை தேறினான், டைப்பிங் தேறினான், வேலைக்குப் போனான். சிநேகிதர்களோடு இங்கிலீஷில் சிரிக்கிறான். என்னோடு சுருக்கமாகப் பேசுகிறான்.

7

இந்தத் திதியன்று தூக்கோடு ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்துக் கோடியில் பச்சைக் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முனியாண்டி நின்றான். இரண்டு வருஷமாகப் பாயிண்ட்ஸ்மேன். பார்க்கும்போது வணக்கம் சொல்வான், நானும் தலையசைப்பேன். அன்று கிட்டே வந்தான்.

“ஐயா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுப்பா.”

“போன ஞாயித்துக்கெழம உங்க வூட்டுத் தம்பி லயத்துக்கு வந்துச்சு. வூடு வூடா வெசாரிச்சு வந்துச்சு. ‘என் சட்டையப் போட்டுக்கிட்டுப் படிச்சது நீதானே’ன்னு கேட்டுச்சு. நான் பயந்துட்டேன், இத்தன வருசம் கழிச்சுச் சண்டைக்கு வருதோன்னு.” சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான். “ஒரு காயிதத்தக் குடுத்து, இதப் படின்னுச்சு.”

வண்டி வரும் சத்தம் கேட்டது. அவன் கொடியைக் கையில் எடுத்தான்.

“ரெண்டு தடவ படிக்கச் சொல்லிச்சுங்கய்யா. ரெண்டாவது தடவ எங்கூடவே வெரல வச்சுக்கிட்டு வந்துச்சு.”

“என்ன எழுதியிருந்தா?” என்று கேட்டுவிட்டேன்.

முனியாண்டி என் முகத்தைப் பார்த்தான். “அது தம்பிக்கு எழுதுனதுங்கய்யா” என்றான். பிறகு, நான் பெரியவன், என்னை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதுபோல், “நான் படிச்சதோட மறந்துட்டேன்” என்று சேர்த்துக்கொண்டு எஞ்சின் பக்கம் ஓடினான்.

கிள்ளானில் இறங்கும்போது மழை. மகன் குடையோடு வந்திருந்தான். ஆற்றோரம் ஒரு கடைத் தாழ்வாரத்தில் இலை போட்டுச் சோறு வைத்தோம். காக்கை வர நேரமாயிற்று. அவன் சட்டைப் பையில் ஒரு உறையின் ஓரம் தெரிந்தது. பருக்கை ஒட்டியிருந்த இடத்தில் தாள் கிழியாமல், மெதுவாக நனைத்துப் பிரிக்கப்பட்டிருந்தது. நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

பெட்டியைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம் என்றும் நினைத்தேன்.

“வந்துருச்சுப்பா” என்றான். ஒரு காக்கை, இறகெல்லாம் நனைந்து, தத்தித் தத்தி வந்து முதல் கவளத்தை எடுத்தது.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனேன். அவன் வாங்கவில்லை.

“நல்லாத் துவட்டுங்கப்பா. காதுக்குப் பின்னாலயும்.”

சிறுவயதில் அவள் வாயால் கேட்டதாக இருக்கலாம். எனக்கு வந்த கடிதத்திலிருந்து நான் படித்துக் காட்டியதாக இருக்கலாம். அந்த உறைக்குள் இருந்ததாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.

காதுக்குப் பின்னால் துவட்டினேன்.